பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

சென்னையை ஒட்டிய பெரும்பாக்கம் எழில் நகரில், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் நடக்கும் எங்கள் மாலை வாசிப்பு வகுப்பு இந்தக் கல்வியாண்டையும் தடையில்லாமல் முடித்திருக்கிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு எழுதும் மடல் இது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

இங்கே இருப்பவர்களில் நிறைய பேர் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடிமாற்றப்பட்டவர்கள். வீடு இங்கே வந்துவிட்டது, பிழைப்பு அங்கேயே நின்றுவிட்டது. சிந்தாதிரிப்பேட்டைக்கும் பாரிமுனைக்கும் 20 கி.மீ.க்கு மேல் பஸ்ஸில் போய் வரும் அம்மாக்கள் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை பிள்ளைகள் வராண்டாவிலும் மாடிப்படியிலும்தான். கொரோனாவில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும் என்றே பார்க்காமல் மேலே போன பிள்ளைகள் இங்கே உண்டு. அந்தச் சமயத்தில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சொல்லிக்கொடுக்க வந்த எங்கள் பிளாக் தங்கைகள் இருவர்தான் இந்த வகுப்புக்கு அடித்தளம். முதல் நன்றி அவர்களுக்கு.

அடுத்தது தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாவுக்கு. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கதைப் புத்தகத்தைக் கடகடவென்று சொல்லுவான். படத்தைக் கையால் மறைத்து, "இப்போ படி கண்ணு" என்றார் அம்மா. வாயே திறக்கவில்லை. 'கொ' அவனுக்கு 'கெ', பிறகு ஒரு கால் என்று இரண்டாகத் தெரிந்தது. முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல அவனுக்கு ஆள் வாய்க்கவில்லை. அம்மா கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டாக்கிக் கொடுத்தார். கொடி, கொசு, கொக்கு. அப்புறம் மொ, தொ, பொ. பொங்கல் விடுமுறையில் ஒருநாள், கடைப் பலகையில் 'கொத்து பரோட்டா' என்று நிறுத்தி நிறுத்திப் படித்தான். அந்த 'ரோ'வையும் விடவில்லை! அவன் அம்மா எனக்கு போன் செய்து சொன்னபோது அழுதுவிட்டார், நானும்தான்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு, அவசரப்படுத்தாமல் கேட்க ஒருவர் வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எந்த ஆசிரியரால் அது முடியும்? அதைச் செய்தவர்கள் வாரம் தவறாமல் வந்த கல்லூரித் தங்கைகள். வெள்ளைப் பலகைக்கு ஒரு முழம் நெருக்கத்தில் போய் நின்றே படிக்கும் சிறுமியைக் கவனித்து, கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனதும் அவர்களில் ஒருவர்தான். இருட்டிய பிறகு அவர்களை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டு ஒரு ரூபாய்கூட வாங்காத ஆட்டோ அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அறையைத் திறந்துவிட்ட மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள், தினமும் சுண்டல் தாளித்துத் தந்த மூன்றாம் மாடி அக்கா (பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது), அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வரும் புத்தகங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தந்த பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பண உதவி செய்தவர்களுக்கும் கணக்கு சொல்ல வேண்டும். மின்விசிறி, விளக்கு, பாய், சுண்டல் செலவு, அந்தச் சிறுமியின் கண்ணாடி என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது. வகுப்பு நடக்கும் அறையின் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம், எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மாலை 5 மணிக்கு வகுப்பு மறுபடி தொடங்கும். இந்த முறை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள். சனிக்கிழமைகளில் வந்து உட்காருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கும் வங்கி ஊழியர் சாருக்கும், அவர் துணைவியாருக்கும் இப்போதே எங்கள் நன்றி.