பூட்டிய வீட்டுக்குப் பெட்டை நாயைக் காவல் வைத்திருப்பவர்களுக்கு

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், எங்கே போனாலும் இதே கதைதான். நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவருக்குத் துணையாக ஒரு நாய். அந்த நாய் பெட்டையாக இருந்தால், அது ஹீட்டுக்கு, அதாவது ஆண் நாயோடு சேரும் பருவத்துக்கு, வரும் நாட்களில் என்ன செய்வது என்று வாட்ச்மேனிடம் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. பின்தெருவில் ஆண் நாய்கள் கூடிக் குரைக்கும், கடித்துக்கொள்ளும், அவர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார். இரண்டு மாதம் கழித்து ஊரணிக் கரையில் சாக்குப்பையில் குட்டிகள் கிடக்கும். தெருக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது.

பெட்டை நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாத வயதுக்குள் முதல் ஹீட்டுக்கு வரும். பெரிய ஜாதி நாய் என்றால் இன்னும் தாமதமாகலாம். அதன்பின் ஏறத்தாழ ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு தடவை. வயதானால் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், நிற்காது.

குழப்பம் வருவது ரத்தத்தில்தான். முதல் ஒரு வாரம், ஒன்பது நாள் போல உறுப்பு வீங்கி ரத்தம் படும். ஆண் நாய்கள் தேடி வரும், ஆனால் இது கிட்டே விடாது, சீறும். பிறகு ரத்தம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு மாறும் அல்லது நின்றே போகும். "சரி, முடிஞ்சது" என்று வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடுவது அன்றைக்குத்தான். உண்மையில் அது சினை பிடிக்கும் காலத்தின் தொடக்கம். வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்கும், அதுவே ஆண் நாயைத் தேடிப் போகும். இந்தக் கட்டமும் சராசரியாக ஒன்பது நாள், சிலதுக்கு இன்னும் நீளும். ஆகவே முதல் ரத்தம் கண்ட நாளிலிருந்து நான்கு வாரம் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். சில நாய்கள் நக்கியே சுத்தம் செய்துகொள்ளும், ஆத்தங்குடி ஓடு பதித்த தரையில் ஒரு சொட்டுகூடத் தெரியாது. படுக்கையில் வெள்ளைத் துணி போட்டால் பிடிபடும்.

நம் வீடுகளின் அமைப்பு வேறு இதற்கு எதிரி. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒன்றைச் சாத்தினால் மற்றது திறந்திருக்கும். இரண்டாங்கட்டில், அதாவது முகப்பைத் தாண்டிய உள்பகுதியில், ஓர் அறையை இதற்கென்று ஒதுக்கலாம், பூட்டிக் கிடக்கும் அறைகளுக்கா பஞ்சம்? வெளியே விடும்போது சங்கிலியோடு, ஆளோடு. ஜட்டி மாட்டிவிட்டால் தரை சுத்தமாக இருக்கும், சினை பிடிப்பதைத் தடுக்காது.

எல்லாம் மீறி இரண்டும் பின்னிக்கொண்டால், கல்லாலும் கம்பாலும் அடித்துப் பிரிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம், தானாகப் பிரியும். இழுத்தால் இரண்டுக்குமே காயம். மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் என்ன செய்யலாம் என்று சொல்வார்.

ஹீட் வராமல் இருக்க ஊசி போட்டால் மலிவு என்று சிலர் கேட்கிறீர்கள். அந்த ஹார்மோன் ஊசி கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் நோய்க்கு வழிவிடும். ஊசி போடாவிட்டாலும் ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் இந்த நோய் வரலாம், வயதான நாய்க்கு அதிகம். நாய் சோர்ந்து படுத்து, சாப்பிடாமல், தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும். உங்களுக்குப் போன் போட்டு, நீங்கள் எடுக்கும்வரை காத்திருக்க நேரமில்லை.

குட்டி வேண்டாம் என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான் ஒரே நிரந்தர வழி. முதல் ஹீட்டுக்கு முன்பே செய்தால் மடியில் கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறையும். ஹீட் வந்துவிட்டிருந்தால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துச் செய்வது வழக்கம். ஆபரேஷன் செய்தால் காவல் காக்காது என்பது வீண் பேச்சு. வெள்ளையடிக்கத்தான் பங்காளிகள் எல்லோரையும் கேட்க வேண்டியிருக்கிறது, இதற்கு யாராவது ஒருவர் முடிவெடுத்தால் போதும்.

அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வரும்வரை தள்ளிப்போடாமல், எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று வாட்ச்மேனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மருந்து, வண்டிவாடகை, பத்து நாள் கூடுதலாகப் பார்த்துக்கொள்வதற்கான கூலி எல்லாவற்றையும் முன்பணமாக அனுப்பிவிடுங்கள். அவர் கைக்காசைப் போட்டுவிட்டு உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவார்.

இப்படிக்கு,
பின்தெருக்காரர் ஒருவர்