கைக்குழந்தைகளின் வலிப்பும் தாமதமாகும் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த வலிப்பு நோய்க் கட்டுரை, பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும் வலிப்பை நன்றாக விளக்கியிருந்தது. கைக்குழந்தைகளைத் தாக்கும் கொடிய வலிப்பு ஒன்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இதை எழுதுகிறேன். மருத்துவர்கள் அதை வெஸ்ட் சிண்ட்ரோம் என்பார்கள். பெரும்பாலும் 3 முதல் 8 மாதத்துக்குள் தொடங்கும் அந்நோய், வலிப்பு என்று நாம் அறிந்து வைத்திருக்கும் எதைப் போலவும் இருக்காது. வாயில் நுரை தள்ளாது. கைகால் நெடுநேரம் வெட்டி இழுக்காது. தூங்கி எழுந்த குழந்தை சட்டென்று தலையைக் கவிழ்த்து, இரு கைகளையும் விரித்து, வயிறு மடங்கக் குனியும். ஓரிரு நொடியில் விட்டுவிடும். சற்று நேரத்தில் மறுபடியும் குனியும். இப்படி வரிசையாகப் பத்து, இருபது முறைகூட நடக்கும்.

என் பேரனுக்கு 5ஆம் மாதத்தில் இது வந்தபோது, உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி உரம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். பிறகு பார்த்த மருத்துவர் வயிற்று வலி என்றார். அடுத்தவர் வலிப்பு என்று கண்டுகொண்டபோதிலும், வழக்கமான வலிப்பு மருந்துகளுள் ஒன்றான ஃபீனோபார்பிட்டோனை எழுதிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அம்மருந்து பிள்ளையைத் தூங்க வைத்ததே தவிர, குனிவது நிற்கவில்லை. முகம் பார்த்துச் சிரிப்பதை அந்த ஒரு மாதத்திலேயே அவன் விட்டுவிட்டான். என் மகள் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த காணொளியைப் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர், அன்றே மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை எடுத்து, மறுநாளே பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினார். ஒன்பதாம் நாள் வலிப்பு நின்றது. இன்று அவனுக்கு இரண்டரை வயது. நடக்கிறான், பேச்சு இன்னும் வரவில்லை.

வழக்கமான வலிப்பு மருந்துகள் இந்நோயில் பெரும்பாலும் பலன் தருவதில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முதலில் கொடுக்க வேண்டியவை ஏ.சி.டி.எச். ஊசி அல்லது உயர் அளவு பிரெட்னிசோலோன் என்னும் ஹார்மோன் சிகிச்சையும், விகாபட்ரின் என்னும் மருந்துமே ஆகும். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு விகாபட்ரினே முதல் தேர்வு. அக்கோளாறு இல்லாத மற்றக் குழந்தைகளிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், இரண்டு வார முடிவில் ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களில் 73 சதவீதத்தினருக்கும் விகாபட்ரின் பெற்றவர்களில் 54 சதவீதத்தினருக்கும் வலிப்பு நின்றிருந்தது. விலை உயர்ந்த ஊசிதான் மேல், மாத்திரை ஏழைக்கு என்று எண்ணவும் வேண்டியதில்லை. கொழும்பில் 97 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 14ஆம் நாளில் வலிப்பு நின்றவர்கள் மாத்திரை பெற்ற 48 பேரில் 28 பேர். ஊசி பெற்ற 49 பேரிலோ 18 பேர் மட்டுமே.

ஸ்டீராய்டு என்றதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அச்சம் வந்தது. அது தவறான அச்சமும் அன்று. முகம் உப்பும், இரத்த அழுத்தம் ஏறும், தொற்று எளிதில் பற்றும். மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தட்டம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும் வரை தள்ளிவைக்க வேண்டும். விகாபட்ரினோ பார்வையின் ஓரப் பரப்பை நிலையாகக் குறைத்துவிடக்கூடும். இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் மருத்துவர்கள் காத்திருக்காமல் தொடங்குவதற்குக் காரணம், வலிப்பு தொடங்கிய நாளுக்கும் சரியான மருந்து தொடங்கும் நாளுக்கும் இடைவெளி நீள நீள, குழந்தையின் மன வளர்ச்சி பின்தங்குவதுதான்.

1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தம் மகனுக்கு வந்த இந்த வலிப்பை விவரித்து 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். இரத்தம் உறிஞ்ச அட்டைப்பூச்சி விட்டும் ஈறைக் கீறியும் பார்த்துப் பலனின்றி, வேறு யாருக்கேனும் வழி தெரியுமா என்று கேட்ட தந்தை அவர். அவருடைய பெயரால்தான் இந்நோய் இன்று வழங்குகிறது. அவர் தேடிய மருந்து நம் ஊர் மருந்துக்கடை ஒவ்வொன்றிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்போதும், அது குழந்தையிடம் போய்ச் சேர ஏன் மாதக்கணக்கில் ஆக வேண்டும்?

ஒரு வேண்டுகோள். நம் தடுப்பூசி அட்டவணையில் 14ஆம் வாரத்துக்குப் பின் அடுத்த ஊசி 9ஆம் மாதத்தில்தான். நோய் தொடங்குவதோ பெரும்பாலும் அந்த இடைவெளியில். ஆகவே 14ஆம் வார ஊசி போடும் நாளிலேயே, தூங்கி எழுந்த குழந்தை வரிசையாகக் குனிந்து நிமிர்ந்தால் காணொளி எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று தாய்மாருக்குச் செவிலியர்கள் சொல்லவும், அதைத் தடுப்பூசி அட்டையில் அச்சிடவும் மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் இ.இ.ஜி. வசதியும் விகாபட்ரினும் தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தென்காசி மாவட்டம்