கொண்டை ஊசி வளைவில் இடது கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழையைத் தானே உணர்ந்து ஓடும் வைப்பர் காசைக் கரியாக்கும் வேலை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கைக்கு எட்டும் லீவரைத் தட்டுவதற்கு எந்திரம் எதற்கு என்று கேட்டிருந்தார். ஊருக்குள் மட்டும் கார் ஓட்டுகிறவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். நான் பொள்ளாச்சியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஆர்டர் எடுக்கவும் வசூலுக்கும் வாரம் இரண்டு முறை வால்பாறைக்கு ஏறி இறங்குகிறேன். அந்த ரோட்டுக்காரனாக எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அங்கே மழை ஒரே சீராகப் பெய்யாது. ஒரு வளைவில் சடசடவென்று கொட்டும், அடுத்ததில் வெறும் சாரல், அதற்கும் மேலே வெயில்கூட எட்டிப் பார்க்கும். பழைய காரில் அட்டகட்டி போய்ச் சேர்வதற்குள் அந்த லீவரை எத்தனை முறை தட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நம் ஊரில் அதிகம் ஓடும் கார்களில் வைப்பர் லீவர் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் இருக்கிறது. கியரும் இடது கைக்குத்தான். வலது கையால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு, இடது கையால் ஃபர்ஸ்ட் கியருக்கு மாற்றும் அதே நொடியில், மேலிருந்து பஸ் இறங்கி வரும். கண்ணாடியும் அப்போதுதான் மங்கும். இடது கை எந்த வேலையைப் பார்க்கும்? நான்கு வருடமாக ஓட்டும் இந்தக் காரில் லீவரை ‘ஆட்டோ’வில் வைத்துவிட்டு அந்தக் கவலையை விட்டுவிட்டேன்.

கீழே, கோவை ரோட்டில் இதன் அருமை வேறு மாதிரி. மழை விட்ட பிறகு தேங்கிய தண்ணீரில் லாரி ஒன்று முந்திப் போனால், செம்மண் தண்ணீர் கண்ணாடி முழுக்க ஒரே வீச்சாக வந்து விழும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. திடுக்கிட்டு, லீவரைத் தேடித் தட்ட இரண்டு நொடி ஆனால்கூட, 44 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிய மாதிரிதான். தண்ணீர் விழுந்த மாத்திரத்தில் வைப்பர் தானே எழுந்து துடைப்பதை அனுபவித்தவர்கள் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மூடுபனியில் பொடிப்பொடியாகப் படியும் ஈரத்தை அது சில நேரம் கண்டுகொள்வதில்லை. கையால்தான் தட்ட வேண்டும். அப்புறம், போன வருடம் டிப்பர் லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. ஒரு வொர்க்‌ஷாப்பில் புதுக் கண்ணாடி மாற்றினார்கள். மறுநாளே உடுமலை ரோட்டில், உச்சி வெயிலில், வைப்பர் காய்ந்த கண்ணாடி மேல் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. இரண்டு முறை கொண்டுபோய்க் காட்டினேன். “ஆட்டோவில் போடாதீங்க சார்” என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் என்னைக் காருக்கு வெளியே நிறுத்தி, ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சென்சாரைக் காட்டினார். சென்சாருக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே ஜெல்லி மாதிரி ஒரு பட்டை. அதில் மிளகு அளவில் ஒரு காற்றுக் குமிழி. சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாகக் கண்ணாடிக்குள் அனுப்புகிறது. வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் ஒளி அங்கே மோதித் திரும்பி வந்துவிடும். துளி விழுந்த இடத்தில் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். திரும்புவது குறைந்தால் மழை என்று அர்த்தம். குமிழி இருந்தால் வெயிலிலும் கணக்குத் தப்பும். பழைய பட்டையையே திரும்ப ஒட்டியதுதான் கோளாறு. புதுப் பட்டை மாற்றிய பிறகு இன்றுவரை தொல்லை இல்லை. அதற்குள் புதுக் கண்ணாடியில் விழுந்த கீறல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இரவில் எதிரே லைட் அடித்தால் தெரிகின்றன.

இன்னொன்று, பங்க்கில் பையன்கள் ஈரத்துணியோடு கண்ணாடி துடைக்க வந்தால் ‘ஆட்டோ’வை நிறுத்திவிடுங்கள். சாவி ஆனில் இருந்தால் ஈரத்தை மழை என்று நினைத்து வைப்பர் அவர்கள் விரலில் அடித்துவிடும்.

சரி, வாங்கலாமா? மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அடிக்கடி போகிறவர்கள் வாங்கலாம். ஆனால் இதற்காக மட்டும் மேல் வேரியண்டுக்குத் தாவ வேண்டாம். எனக்கு ஒன்றேகால் லட்சம் கூடுதலானது. சன்ரூஃபும் அலாய் வீலும் சேர்த்துத்தான் தந்தார்கள். அந்த சன்ரூஃபை நான் திறந்தது இரண்டே தடவை. மழையில் மலை ஏறும் டாக்ஸிக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது அடி வேரியண்ட். அவர்களுக்கு எட்டாத இடத்தில் இந்த வசதியை வைத்திருப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. கார் கம்பெனிகள் இதைத் தனியாகக் கேட்பவர்களுக்குத் தனியாகவே பொருத்தித் தர வேண்டும்.

சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மார்ச் முதல் மே வரை நம் வெயிலில் வெந்த வைப்பர் ரப்பர் முதல் மழையில் சேற்றைத் துடைக்காது, இழுத்துப் பூசும். என் காருக்கு ஒரு ஜோடி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மே கடைசி வாரம் கடைக்குச் சரக்கு இறக்கும் நாளிலேயே நான் அதையும் மாற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மளிகை வியாபாரி ஒருவர்,
பொள்ளாச்சி