காயமுற்ற ஆமைகளுக்கான மருந்துத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சங்க அங்கத்தவர்களுக்கும், கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருந்து கைகொடுத்த உறவுகளுக்கும் செயற்குழுவின் வணக்கம்.

காயமுற்ற ஆமைகளுக்கு வேண்டிய மருந்துப் பொருட்களை வாங்கிக் கொடுப்பதென்று பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானம் நிறைவேறிவிட்டது. கடைசித் தொகுதி மருந்துகளும் வனசீவராசிகள் திணைக்களத்தின் வழியாக மிருக வைத்தியர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, பொருட்கள் கிடைத்ததற்கான கடிதமும் வந்துள்ளது. கணக்காய்வாளர் கையொப்பமிட்ட வரவு செலவுக் கணக்கு அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பப்படுகிறது. பற்றுச்சீட்டுக் கோவை பொருளாளரிடம் இருக்கிறது, விரும்பியவர் எவரும் வந்து பார்க்கலாம். தொகைகள் அங்கே இருப்பதால், எதை வாங்கினோம், ஏன் அதையே வாங்கினோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

திருப்பணி என்று பெயர் வைத்துவிட்டு ஒரு கல்லாவது நாட்டாமல் விடலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். மண்டபமும் கேணியும் கட்டிக் கொடுத்து வளர்ந்த சமூகத்தில் அது வரவேண்டிய கேள்விதான். உபயகாரர் பெயர் பொறித்த சிகிச்சைத் தொட்டி ஒன்று கட்டலாம் என்ற யோசனை முதலில் செயற்குழுவிலும் இருந்தது, விலைமனுவும் எடுத்தோம். மிருக வைத்தியர்களோடு இருந்து பேசிய பிறகு எண்ணம் மாறியது. தொட்டி ஒருமுறை கட்டினால் நிற்கும். சேலைன், கோஸ், ஊசிமருந்து, காயத்துக்குப் பூசும் கிறீம் எல்லாம் வாங்க வாங்கத் தீரும். ஆமையின் காயமோ இலேசில் ஆறாது. அதன் உடற்சூடு சுற்றுப்புறச் சூட்டோடு ஏறி இறங்குவது, எல்லாமே மெதுவாக நடக்கும் உடம்பு. ஓடு உடைந்த ஆமை தேற மாதக்கணக்காகும், சிலவேளை ஒரு வருடத்தையும் தாண்டும். அத்தனை காலமும் மருந்து கட்டுவதற்கு இடையில் சாமான் தீர்ந்துபோனால் முதல் மாதத்துச் சிகிச்சையும் வீண். ஆகவே தீர்ந்துபோகும் பொருட்களுக்கே காசை ஒதுக்கினோம். கல்வெட்டு வைக்க அதில் இடமில்லை.

2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பிறகு இறக்குமதி மருந்துகளின் விலை எங்கே போனது என்பது வீட்டில் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆமைக்குக் கொடுப்பதும் அதே பாமசி அலுமாரியில் இருக்கும் மருந்துதான். காலி வீதியில் பாமசி வைத்திருக்கும் அங்கத்தவர் ஒருவர் பல பொருட்களைக் கொள்விலைக்கே தந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

வாங்கியவற்றுள் அதிகம் விளக்கம் கேட்கப்பட்டது சிறிய ஆழ்குளிர்ப்பெட்டிதான். ஆமைக்கு மருந்து வாங்கச் சொன்னால் பிரிட்ஜ் ஏன் வாங்கினீர்கள் என்று ஒரு அக்கா நேரே கேட்டார். ஆமைகளுக்கு அடிக்கடி போடும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி செஃப்டாசிடிம். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம், 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான அளவு. மனிதருக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவை போடுவதை ஆமைக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை போட்டால் போதும், அதன் உடம்பு மருந்தை அவ்வளவு மெதுவாகவே வெளியேற்றுகிறது. மருந்து தூளாக ஒரு கிராம் குப்பியில் வரும். 30 கிலோ கடலாமைக்கு 600 மில்லிகிராம், குப்பியில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு கிலோ குளத்து ஆமைக்கோ 20 மில்லிகிராம்தான். கரைத்த மருந்து நெடுநேரம் நில்லாது. சிறு சிரிஞ்சுகளில் பிரித்து உறையவைத்தால் ஒரு குப்பியைப் பல ஆமைகளுக்குப் பல நாளைக்குப் பயன்படுத்தலாம். அந்தப் பெட்டி மிச்சப்படுத்தும் மருந்தின் விலையைக் கணக்குப் பார்த்த பிறகே வாங்கினோம்.

மருந்து கட்டுவதைச் செயற்குழுவினர் சிலர் நேரில் பார்க்க அனுமதி கிடைத்தது. வலை நூல் இறுகி முன் துடுப்பில் எலும்பு தெரியுமளவுக்கு அறுந்திருந்த சிற்றாமை அது, பங்குனி ஆமை என்றும் சொல்வோம். முதலில் சேலைனால் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். பிறகு பொவிடோன் அயடினைப் பிளேன்டீ நிறத்துக்கு நீர்த்து ஊற்றினார்கள். கடும் நிறத்தில் ஊற்றினால் புதிதாக வளரும் தசையும் கருகிவிடுமாம். சில்வர் சல்ஃபாடயசின் கிறீமைத் தடிப்பாகப் பூசிய பின் ஆமையை உடனே தண்ணீரில் விடவில்லை. முதுகு ஓட்டின்மேல் மட்டும் ஈரத்துணி போட்டு, காயத்தில் மருந்து ஊறும்வரை கரையிலேயே வைத்திருந்தார்கள். அது கழுத்தை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டது, பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது. கிறீம் டப்பா ஒன்றில் எவ்வளவு ஒரே தடவையில் போய்விடுகிறது என்பது அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

ஓடு உடைந்தவற்றுக்கு வேறு சாமான்கள் வேண்டும். ஓடு நகம் போல உயிரற்றது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விலா எலும்புகளும் முள்ளந்தண்டும் சேர்ந்ததே அந்த ஓடு, நோவும் உண்டு. நுரையீரல் மேலோட்டுக்கு நேர் கீழே இருப்பதால், படகின் விசிறி வெட்டிய ஆமை ஒரு பக்கம் சரிந்து மிதக்கும், முக்குளிக்க முடியாமல் பட்டினி கிடக்கும். முன்பு பிசின் வைத்து வெடிப்பை அடைத்துவிடுவார்கள், அப்போது கிருமியும் உள்ளேயே அடைபட்டுப்போகும். இப்போது வெடிப்பின் இருபுறமும் சிறு கொளுக்கிகளை ஒட்டி, கம்பியால் இழுத்துக் கட்டி, காயத்தைத் திறந்தபடி வைத்தே சுத்தம் செய்கிறார்கள். இரண்டாம் தொகுதியில் இந்தக் கொளுக்கியும் கம்பியும் ஒட்டுபசையும் அடங்கும்.

கடலாமைக்கு மட்டுமா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலத்தைச் சுற்றி இன்று வீதியும் வீடும்தான். மழைக்காலத்தில் பாலாமையும் கறுப்பாமையும் வீதியைக் கடக்கும்போது வாகனத்தில் அடிபடுகின்றன. சின்ன ஊசிகளும் மெல்லிய கோஸும் அவற்றுக்காகவே.

செலவில் ஒரு பகுதி வலை நூலுக்குப் போனது. இதுபற்றிக் கூட்டத்தில் கடுமையாகவே பேசப்பட்டது. மருந்துக்குச் சேர்த்த காசை வலைக்குக் கொடுப்பதா என்பது கேள்வி. முகத்துவாரத்தில் கடற்றொழில் செய்யும் ஐயா ஒருவர் எங்களிடம் சொன்னதை அப்படியே தருகிறோம்: "ஆமை சிக்கினா வலையை அறுத்துத்தான் விட வேணும் தம்பி. அறுத்த வலைக்கு ஆர் காசு தாறது?" வலையை அறுக்காமல் இழுத்து எடுத்தால் துடுப்பு கிழிகிறது, அந்தத் துடுப்புக்குத்தான் நாங்கள் மாதக்கணக்கில் கிறீம் வாங்கிக் கொடுக்கிறோம். நூலின் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அறுத்த இடத்தைப் பின்னிக்கொள்ள நூல் கொடுப்பதும் மருத்துவச் செலவே என்பது செயற்குழுவின் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துள்ள அங்கத்தவர்களும் கடைசியில் வாக்களித்து நிறைவேற்றினார்கள், அவர்களுக்கு விசேட நன்றி.

நிதி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகளில் வீட்டுக்கு வீடு மாதப் பங்களிப்பு. ஞாயிறு மதியச் சோற்றுப் பார்சல். பிள்ளைகளின் உண்டியல். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்த காசு. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, பிளாஸ்டிக் குருணைகள் கரையெல்லாம் குவிந்து, செத்த ஆமைகள் ஒதுங்கிய நாட்களைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அந்த நினைவு இல்லாவிட்டால் இவ்வளவு வீடுகளின் கதவு திறந்திருக்காது.

ஒரு வேண்டுகோள். ஆமைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. காயமுற்ற ஆமையை எவரும் வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்யக் கூடாது, எங்களிடம் கொண்டுவரவும் கூடாது. கரையில் கண்டால் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். களைத்த ஆமை தலையை உயர்த்தி மூச்செடுக்க முடியாமல் மூழ்கிச் சாகும். நிழலில் வைத்து, மூக்கை மூடாமல் ஓட்டின்மேல் ஈரத்துணி போட்டு, நாய்களையும் கூட்டத்தையும் விலக்கி, 1992 என்ற வனசீவராசிகள் திணைக்கள இலக்கத்துக்கு அழையுங்கள். தூண்டில் முள்ளையோ நைலோன் நூலையோ கண்டால் இழுக்காதீர்கள். நூலின் மறுமுனை குடலுக்குள் இருக்கக்கூடும்.

சிறிய தொகை ஒன்று மீதமுண்டு. அதைத் திரும்பவும் செஃப்டாசிடிமுக்கும் கிறீமுக்குமே ஒதுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இது வாக்குக்கு விடப்படும், அங்கத்தவர்கள் தவறாமல் சமுகமளிக்கவும்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்