படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு நர்ஸ் வர்ற நாளை உறுதி பண்ணித் தரக் கோரி மனு

மாவட்ட ஆட்சியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

நாங்க ஒரே வட்டாரத்துல, படுக்கையில கிடக்கிற ஆளுங்கள வீட்டுல வச்சுப் பாத்துக்கிற குடும்பங்க. பக்கவாதம், கேன்சர், முதுகுத்தண்டுல அடிபட்டவங்கன்னு வீட்டுக்கு ஒரு கதை. எங்க மாமியாருக்கு யூரின் டியூப், மூக்கு டியூப் ரெண்டும் இருக்கு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்த குறை சொல்ல வரலங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, கொண்டு வர்ற அக்கா வெயில்ல நடந்தே வர்றாங்க, 2024ல ஐ.நா. விருது கூட கிடைச்சுது. ஆனா மாத்திரை குடுக்கிறது வேற, படுத்தவங்களப் பாக்கிறது வேற. எங்க வட்டாரம் முழுக்க, படுத்தவங்கள வீட்டுக்கு வந்து பாக்கிற நோய்த்தணிப்பு நர்ஸ் ஒரே ஒருத்தர், இத்தன ஊருக்கு அவங்க எப்படித்தான் வருவாங்க, பாவம். எப்ப வருவாங்கன்னே தெரியாது, யூரின் டியூப் மூணு நாலு வாரத்துல மாத்தணும், அதுக்கு ரெண்டு ஆம்பளைங்கள கூப்பிட்டு ஆட்டோவுல தூக்கிப்போட்டு ஜி.ஹெச் போக வேண்டியிருக்கு, அன்னைக்கு அவங்க கூலியும் போச்சு.

டிஸ்சார்ஜ் பண்றப்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைங்கன்னு வாயால சொல்லி அனுப்பிடுறாங்க. எப்படித் திருப்பணும், மூக்கு டியூப்ல கஞ்சி ஊத்துறப்ப தலைய எவ்வளவு உசத்தணும், ஊத்தினப்புறம் எவ்வளவு நேரம் அப்படியே வைக்கணும்னு யாரும் கையப் பிடிச்சுக் காட்டல. இடுப்புல செவப்பா தெரியிறப்பவே கவனிச்சா படுக்கைப்புண்ணே வராது, குழி விழுந்துட்டா மாசக்கணக்குல டிரெஸ்ஸிங்தான். சொந்தக்காரங்க வந்தா ஆப்பிள் வாங்கிட்டு வர்றாங்க, மூக்கு டியூப் போட்டவங்களுக்கு ஆப்பிள்! ராத்திரி ஒரு மணி நேரம் மாத்தி விட மட்டும் ஆள் கிடையாது, பாத்துக்கிற பொம்பளைங்க தூங்கியே நாளாச்சு, நூறு நாள் வேலைக்கும் போக முடியல.

அதனால நாங்க கேக்கிறது, மாசம் ரெண்டு தடவையாச்சும் நர்ஸ் வர்ற தேதிய முன்னாடியே சொல்லிடுங்க, டியூப் மாத்துறத வீட்டுலயே பண்ணுங்க, அதுக்கு இன்னொரு நர்ஸ் போடணும்னா போடுங்க. கேரளாவுல 2008லயே இதுக்குன்னு தனிக் கொள்கை கொண்டு வந்து பஞ்சாயத்து மூலமா நர்ஸ் வீட்டுக்கு வர்றாங்க, நம்மளால முடியாதா என்ன. ஆரம்ப சுகாதார நிலையத்துல மாசம் ஒரு நாள் எங்களுக்கு செஞ்சு காட்டி பழக்கி விடுங்க. படுக்கைப்புண் வராம தடுக்கிற காத்து மெத்தை (ஏர் பெட்) நாலஞ்சு வாங்கி வச்சு இரவலா குடுத்தா போதும், ஒருத்தருக்கு தேவை முடிஞ்சதும் அடுத்த வீட்டுக்கு போகும். கேன்சர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை வாங்க டவுனுக்கு அலையுறோம், மார்ஃபினுக்கு கெடுபிடி வச்சிருந்த போதைப்பொருள் சட்டத்த 2014லயே தளர்த்தியாச்சு, எங்க ஜி.ஹெச்லயே கிடைக்கிற மாதிரி பண்ணுங்க.

பேர் பட்டியலும் டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸும் இணைச்சிருக்கோம். நோயாளிய விட்டுட்டு எல்லாராலும் வர முடியாததால ரெண்டு பேர் மட்டும் வந்து மனு குடுக்கிறோம், பதில தபால்ல அனுப்பிடுங்க அய்யா, திரும்ப வரச் சொன்னா வீட்டுல பாத்துக்க ஆளில்ல.

இப்படிக்கு,
நோயாளிகளின் குடும்பத்தினர்