உன் மேசைக்கு வரும் பில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். கும்பகோணத்தில் நேற்று இரவு நல்ல மழை. குறுவை அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்திருந்தவர்கள் தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நம் போர்டுப் பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "காலையிலிருந்து வெண்டர்ங்க போன்தான்ப்பா. என் பில் என்னாச்சு, என் பில் என்னாச்சுன்னு ஒரே கேள்வி. இப்பல்லாம் எடுக்கிறதே இல்ல" என்றாய். கம்பெனியில் பில் பார்க்கும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மேசை நிறைய பில். உன் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பாப்பா, அந்தப் போனுக்கு இந்தப் பக்கம் இத்தனை வருடமாக நின்றுகொண்டிருப்பவன் நான். பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதனால் எழுதுகிறேன்.

நான் தகரத்தில் எனாமல் பெயிண்டால் எழுத்து எழுதிய காலத்தில் எனக்கு வேலை கொடுத்தவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்து ஆட்கள். அரிசி ஆலைக்காரர், உரக்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர். அச்சாரமாகக் கொஞ்சம் கொடுப்பார்கள், போர்டு மாட்டியதும் கொஞ்சம், மீதி தை அறுப்புக்கு. அதிலும் இழுத்தடிப்பவர்கள் உண்டு. ஆனால் பணம் யாரிடம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். வயல் மூழ்கிய வருடம் உரக்கடைக்காரரிடம் போய் நிற்க எனக்கே மனம் வராது. திருவிடைமருதூர் தேர்க்கூட்டத்தில் எதிரே பார்த்துவிட்டால், "நெல்லு காசு வந்துடட்டும் தம்பி" என்று அவரே சொல்லிவிடுவார். சொன்னபடி வந்தும் விடும்.

கம்பெனி வேலை வேறு மாதிரி. வேலை சொல்பவர் ஒருவர், மாட்டிய போர்டைப் பார்த்துச் சரி என்பவர் ஒருவர், பில்லை வாங்கி வைப்பவர் ஒருவர், பணம் விடுபவர் இன்னொருவர். நான்கு பேருமே மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஆனால் பணம் எங்கே நிற்கிறது என்று அந்த நால்வரில் ஒருவருக்கும் தெரியாது.

கஜா புயல் உனக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16, விடியற்காலை. வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னையோடு சேர்த்து எத்தனை ஆயிரம் போர்டுகளைச் சாய்த்துவிட்டுப் போனது! அடுத்த மாதம் ஒரு பெரிய நிதி நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். 11 கிளைகளுக்குப் புதுப் போர்டு, பொங்கலுக்குள் மாட்டி முடிக்க வேண்டும். அதுவரை அவ்வளவு பெரிய வேலை நம் பட்டறைக்கு வந்ததில்லை. அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள்.

ஏசிபி ஷீட்டும் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அக்ரிலிக்கும் எல்இடியும் திருச்சியில் 30 நாள் கடனுக்கு எடுத்தேன். வெல்டருக்கும் சாரம் கட்டுபவர்களுக்கும் சனிக்கிழமை தோறும் கையில் கூலி. மும்பையிலிருந்து வந்த டிசைனில் தமிழ் உடைந்து கிடந்தது. 'திருத்துறைப்பூண்டி'யில் 'றை'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அப்படியே வெட்டி மாட்டியிருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆனால் நான் எழுத்து எழுதிப் பழகியவன், அப்படி ஒரு போர்டு என் கையிலிருந்து போகக் கூடாது. திருத்தி அனுப்பி, அவர்கள் சரி என்று சொல்ல ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளை ஈடுகட்ட ராத்திரியெல்லாம் வேலை பார்த்து, ஜனவரி 12-ஆம் தேதி கடைசிப் போர்டையும் மாட்டிவிட்டோம்.

பில் 4,18,000. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 75,240. சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்தது போக 32,000 ரூபாய் சொச்சத்தைப் பிப்ரவரி 20-க்குள் நான் கட்டியாக வேண்டும். கம்பெனி பணம் கொடுத்ததா என்று வரித்துறை கேட்காது. பில் போட்டாயா, கட்டு. வராத பணத்துக்கு வரி கட்டக் கைமாற்று வாங்கினேன்.

நாற்பது நாள் கழித்து முதல் பதில் வந்தது. அவர்கள் சொல்லித்தான் மும்பைத் தலைமை அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பில் போட்டிருந்தேன். இப்போது தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றிப் போடு என்றார்கள். போட்டேன். அப்புறம் மார்ச், வருடக் கணக்கு முடிப்பு. அப்புறம் வேலை கொடுத்த மேனேஜர் மாறிப் போனார். வந்தவர், மாட்டிய போட்டோ எல்லாம் மறுபடி வேண்டும் என்றார். மே மாதம் முழுக்க "பிராசஸில் இருக்கிறது" என்ற ஒரே வார்த்தை. ஜூனில் போனையே எடுக்கவில்லை.

அந்த ஜூனில்தான் நீ கல்லூரியில் சேர்ந்தாய். அம்மா கையில் வளையல் இல்லையே என்று நீ கேட்டபோது, மாற்றிச் செய்யக் கொடுத்திருக்கிறது என்று சொன்னோம். கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் உன் முதல் வருடக் கட்டணம் கட்டினோம். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். இன்று காலை அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி அவர்களுடைய சென்னை அலுவலகத்துக்கே போனேன். காலை பத்து மணியிலிருந்து வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி வாக்கில், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு போன ஒரு பெண், "நீங்கதான் கும்பகோணத்திலேர்ந்து வந்தவங்களா?" என்று கேட்டது. உன்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். உள்ளே கூட்டிப் போய்க் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டியது. வங்கிக் கணக்கு கடைப் பெயரில் இருந்தது, பான் கார்டு என் பெயரில் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு கடிதம் இல்லாததால் பில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை ஒருவர் கூட எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே வெள்ளைத் தாள் கொடுத்து, என்ன எழுத வேண்டும் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டது. "வியாழக்கிழமை பேமென்ட்ல போட்டுடுறேன் சார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாருங்க" என்றது.

வெள்ளிக்கிழமை மதியம், ஜிஎஸ்டி சேர்க்காத தொகையில் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) 1% போக 4,89,060 ரூபாய் வந்து விழுந்தது. ஏழு மாதம் நின்ற பில், இருபது நிமிடத்தில் நகர்ந்தது.

பணம் வந்ததை விட, அந்தப் பெண் ஒரு கிழமை சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. சென்னை போன அன்று சாயங்காலமே எழும்பூரிலிருந்து திருச்சிக் கடைக்காரருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். ஏழு மாதத்தில் முதல் முறையாக, கடன் கொடுத்தவரிடம் சொல்ல என் கையில் ஒரு நாள் இருந்தது. தேதி சொன்னால் எங்களைப் போன்றவர்கள் பொறுத்துக்கொள்வோம். அந்தத் தேதி கிடைக்காமல்தான் உனக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்கிறோம்.

அதற்குப் பிறகு நானும் முறையை மாற்றிக்கொண்டேன். ஆர்டர் கையில் வராமல் ஷீட்டில் பிளேடு வைப்பதில்லை. எந்த மாநிலத்து ஜிஎஸ்டி எண் என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். மாட்டிய அன்றே போட்டோ எடுத்து, கிளை மேனேஜரிடம் தேதி போட்டு முத்திரையோடு கையெழுத்து வாங்குகிறேன். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பில், அப்போதுதான் ஒன்றில் சிக்கல் வந்தாலும் மற்ற பத்தும் நகரும். பாதி முன்பணம் தராதவர்களின் வேலையை எடுப்பதில்லை. இதனால் இரண்டு பெரிய வேலைகள் கை நழுவிப் போயின. போகட்டும்.

பில் பணத்தை எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்ற சட்டம் நீ படித்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். எங்களைப் போன்ற குறு, சிறு தொழில்களுக்காக 2006-லேயே வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 90 நாள் என்று ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் அது செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் வட்டிக்கு வட்டி. இன்னொன்றைக் கவனித்துக்கொள். கணக்கு ஆரம்பிப்பது உன் மேசையில் பில் பாஸான நாளிலிருந்து அல்ல, போர்டை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். எனக்கு நாற்பதாம் நாள் வந்த பதில் அந்தக் கெடுவையே தாண்டியது.

அப்போது நான் சிறு தொழில் என்று எந்தப் பதிவும் செய்திருக்கவில்லை. அதனால் அந்தச் சட்டம் என் கைக்கு எட்டவில்லை. 2020 ஜூலையில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வந்ததும் ஆதாரைக் கொடுத்துச் செய்துகொண்டேன், காசு ஒன்றும் இல்லை. இப்போது தர மறுத்தால் அரசு இணையதளத்தில் மனு போடலாம், இந்த நிலுவைத் தகராறுகளுக்கென்றே உள்ள திருச்சிக் கவுன்சில் விசாரிக்கும். போட்டதில்லை. அடுத்த பத்துப் போர்டும் அதே கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும் என்ற பயம். என் போன்ற பலருக்கும் அதுதான் வாயைக் கட்டுகிறது.

2023 பட்ஜெட்டில் வந்த வருமான வரித் திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. கெடு தாண்டி வருடக் கடைசியில் நிலுவை நின்றால், பணம் கொடுத்த வருடத்தில்தான் கம்பெனி அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் அவர்களே கூப்பிட்டு உத்யம் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆனால் சென்ற வருடம் ஒரு கம்பெனியில், "எனக்கு அந்தப் பதிவு இல்லை" என்று கடிதம் கொடுத்தால் வேலை தொடரும் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. உன்னை யாராவது அப்படி ஒரு கடிதம் வாங்கச் சொன்னால் நீ வாங்காதே.

எல்லாருக்கும் உடனே பணம் விடு என்று நான் சொல்லவில்லை. உனக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள், எது உன் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். போன் வந்தால் எடு. பில் எங்கே நிற்கிறது, என்ன தாள் குறைகிறது, எந்தக் கிழமை வரும், இந்த மூன்றையும் சொல். பில் வந்த முதல் வாரத்திலேயே குறையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பாதிப் போன்கள் வரவே வராது.

நாளைக் காலை பாபநாசத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போர்டு மாட்ட வேண்டும், மழை விட்டால் சாரம் ஏறும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்கு ஒன்று சொல். உன் மேசையில் 45 நாளைத் தாண்டிய பில் எத்தனை இருக்கிறது, அதில் மிகப் பழையது யாருடையது, எதற்காக நிற்கிறது என்று பார்த்து வை. அவருக்குப் போன் செய்துவிட்டு எனக்குச் செய்.

அன்புடன்,
அப்பா