ஆண்டறிக்கை: எமில் ஷூமாகரோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே ஓவியரைப் பார்ப்போம், அவர் ஜெர்மனியில் நாம் வாழும் ஹாகன் நகரத்துக்காரராக இருக்கட்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தோம். எமில் ஷூமாகர் என்றதும் சிலர் தயங்கினார்கள். உருவமே இல்லாத படங்களை வைத்துக்கொண்டு ஒரு வருடம் என்ன பேசுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது.

முதல் இரண்டு கூட்டங்களில் அவருடைய வாழ்க்கையைப் படித்தோம். 1912இல் இங்கே பிறந்தவர். டோர்ட்முண்டில் கலைத்தொழில் பள்ளியில் படித்தார். போர்க்காலம் முழுவதும் ஹாகனில் பேட்டரி ஆலையொன்றில் தொழில்நுட்ப வரைபடம் வரையும் வேலை. 1945இல் போர் முடிந்தது, ஊர் இடிந்து கிடந்தது. அப்போது அவர் மீண்டும் முழுநேர ஓவியரானார். அப்புறம் ரெக்லிங்ஹவுசன் நகரில் உருவான 'யுங்கர் வெஸ்டன்' ஓவியர் குழுவில் ஒருவரானார். 'இளைய மேற்கு' என்று பொருள். 1959இல் காஸெல் நகரின் டாக்குமெண்டா, 1961இல் வெனிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சிகளில் அவர் படங்கள் இடம்பெற்று, பெயர் வெளியே பரவியது. ஹாம்பர்க்கிலும் கார்ல்ஸ்ரூவிலும் பேராசிரியராக இருந்தார். ஆனாலும் ஹாகனை விட்டுப் போகவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஊரில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போனோம். முதல் முறை "இது என்ன படம்?" என்ற கேள்வியிலேயே நேரம் போய்விட்டது. இரண்டாம் முறை 1960களின் 'சுத்தியல் படங்கள்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பலகையைச் சுத்தியலால் அடித்துச் சிதைத்து, அந்தக் காயத்தையே படமாக்கிய வரிசை அது. ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணர் ஒருவர், "இது கோபத்தில அடிச்ச அடி இல்லை. எங்கே நிறுத்தவேணும் எண்டு தெரிஞ்ச கை" என்றார். அதன் பிறகு யாரும் என்ன படம் என்று கேட்கவில்லை. எங்கே கீறினார், எங்கே பூசினார், எங்கே விட்டுவிட்டார் என்றுதான் பார்த்தோம்.

1950களின் நடுவில் அவர் செய்த புடைப்புப் படைப்புகளுக்கு, தொட்டு உணரும் பொருள்கள் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். அருங்காட்சியகத்தில் தொட முடியாது. அதனால் வாடகை மண்டபத்தில் ஒரு செய்முறை வகுப்பு வைத்தோம். மணல், பசை, சணல் நார், கொஞ்சம் தார். அவரும் இப்படிப்பட்ட பொருள்களை வண்ணத்தோடு சேர்த்தவர். பிள்ளைகள் மிக நன்றாகச் செய்தார்கள். தரையில் தார் ஒட்டிக்கொண்டது எங்கள் கவனக்குறைவு, விரிப்பு போதவில்லை. துப்புரவுச் செலவைச் சங்கம் ஏற்றது. பொருளாளரின் கணக்கில் அது தனி வரியாக இருக்கிறது.

ஊர் வரலாறு பற்றிய கூட்டத்துக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள். கலைச் சேகரிப்பாளர் கார்ல் எர்ன்ஸ்ட் ஆஸ்ட்ஹவுஸ் 1902இல் இங்கே ஃபோல்க்வாங் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவர் இறந்தபின், 1922இல் அந்தச் சேகரிப்பு எஸ்ஸன் நகருக்கு விற்கப்பட்டது. ஷூமாகருக்கு அப்போது பத்து வயது. இழந்தது திரும்பவில்லை. ஆனால் 2009இல் அதே பழைய கட்டடத்தின் பக்கத்தில் ஷூமாகர் பெயரில் அருங்காட்சியகம் எழுந்தது. அவர் மகன் உல்ரிச் அதற்காக நிறைய உழைத்தார். ஷூமாகர் அதைப் பார்க்கவில்லை. 1999இல் ஸ்பெயினின் இபிசா தீவில் காலமானார்.

கடைசிக் காலப் படங்களில் குதிரையும் வளைவும் சக்கரமும் தலைகாட்டுகின்றன. அவற்றுக்கு ஒரு கூட்டம் ஒதுக்கியிருந்தோம், நடத்த முடியவில்லை. வரும் ஆண்டின் முதல் கூட்டம் அதுவாக இருக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். தார் இல்லாத செய்முறை வகுப்பு ஒன்றும் வேண்டும் என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை இவ்வறிக்கையுடன் இணைத்துள்ளேன்.

நன்றியுடன்,
செயலாளர்